குழந்தைப்பருவத்தின் வரலாற்றைப் பொருட்களை வைத்துக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: வலிகாமத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்தில் உள்ள ஒரு பாடசாலையில் தரம் 8, தரம் 9 மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் பாடநூல்களில் குளம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் குளத்தில் நீந்திய பிள்ளைகள் இல்லை. இந்தக் குறையை ஓரளவாவது போக்கலாம் என்ற எண்ணத்தில், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான செயற்றிட்டமாக “முற்காலத்துப் பிள்ளைகள்” என்ற தலைப்பை இம்முறை எடுத்துக்கொண்டேன்.

முதலில் மாணவர்களை நல்லூர் நாவலர் வீதியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். கந்தரோடைத் தொல்பொருட்களையும், ஒல்லாந்தர் காலப் பீரங்கிகளையும், திமிங்கில எலும்புகளையும், விக்ரோரியா மகாராணியின் சேதமடைந்த உருவப்படத்தையும் அவர்கள் ஆர்வத்தோடு பார்த்தார்கள். வெளியே வந்து செருப்பைப் போடும்போது ஒரு மாணவி, “ரீச்சர், இஞ்ச சின்னப் பிள்ளையளின்ர சாமான் ஒண்டும் இல்லையே?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஆகவே வீடுகளிலிருந்து பொருட்களைக் கொண்டுவரச் சொன்னேன். பால் பருக்கும் வெண்கலச் சங்கு, மூன்று சில்லு வைத்த மர நடைவண்டில், மரச்சட்டம் போட்ட சிலேட்டு, பிடி தேய்ந்த ஒரு சின்ன மண்வெட்டி, ஜாம் போத்தல் விளக்கு, பனையோலைக் கிலுகிலுப்பை என்று மேசை நிறைந்துவிட்டது. பாடசாலைக்குத் தங்கம் கொண்டுவரக் கூடாது என்பதால், ஒரு மாணவன், குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கும் தன் தங்கையின் பஞ்சாயுதத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வந்தான்.

பாடம் எனக்கு நிறைவு தரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். “இது சிலேட்டு, இதில் எழுதினார்கள், இப்போது கொப்பியில் எழுதுகிறோம்” என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். அதன் பிறகு எல்லாம் “அம்மம்மா காலத்தில் எல்லாம் நல்லாய் இருந்தது” என்ற ஏக்கப் பேச்சாகவே முடிந்தது. பொருளின் பெயரையும் பயனையும் தாண்டி, ஒரு காலத்தில் பிள்ளையாக இருப்பது எப்படி இருந்தது என்ற கேள்விக்கு மாணவர்களை எப்படிக் கொண்டுசெல்லலாம்? அருங்காட்சியகத்தில் இல்லாத பிள்ளைகளை எங்கே தேடுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய அதிபர்

தங்கச்சி, உங்கள் மேசையில் உள்ள பொருட்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. கிலுகிலுப்பை உட்பட எல்லாவற்றையும் பெரியவர்களே தெரிவு செய்து, செய்தோ வாங்கியோ பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனவே “இது என்ன?” என்று தொடங்காமல், “இதைக் கொடுத்தவர் இந்தப் பிள்ளை என்னவாக வேண்டும் என்று நினைத்தார்?” என்று தொடங்கிப் பாருங்கள். அந்தப் பொருளின் பேச்சே வேறாகிவிடும்.

இதற்கு நம் ஊரிலேயே வசதியான ஒரு சடங்கு இருக்கிறது. முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளில் பிள்ளையின் முன் ஒரு தட்டு வைப்போம் அல்லவா? என் பிள்ளைகளுக்கு வைத்த தட்டில் புத்தகம், பேனை, நகை, காசு, கத்தரிக்கோல் ஆகியன இருந்தன. என் பேத்திக்கு வைத்த தட்டில், வைத்தியராக வேண்டும் என்று ஸ்ரெதஸ்கோப் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுவே அதன் எதிர்காலம் என்று சொல்லுகிறோம். ஆனால் தட்டில் எதை வைப்பது என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. என் மகன் கத்தரிக்கோலை நோக்கித் தவழ்ந்தபோது, என் மாமியார் சத்தமில்லாமல் தட்டைத் திருப்பிப் புத்தகத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம். உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம்முடைய தட்டிலும், தாயின் தட்டிலும், அம்மம்மாவின் தட்டிலும் என்னென்ன இருந்தன என்று கேட்டு எழுதட்டும். முப்பது மாணவர்கள் எழுதினால், மூன்று தலைமுறைப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் ஒரு சான்றுத் தொகுதி வந்துவிடும். மகளுக்கும் மகனுக்கும் ஒரே தட்டுத்தான் வைத்தார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிலேட்டு. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொருட்களோடு சேர்த்து வைத்தால்தான் அது பேசும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிவிட்டு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனான். இன்றும் விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பச்சையரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பின்னர் படிநிலைப்படி அமைந்த பாலபாடங்களை அச்சிட்டார். அச்சிட்ட பாலபாடம் வகுப்புக்கு வகுப்பு மாறுவது. ஆகவே பிள்ளையை வயதுக்கும் படிக்கும் ஏற்ப வரிசையில் நிறுத்தும் பழக்கமும் அதனோடு வலுப்பெற்றது. ஓலை ஏடு “நீ எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்கவில்லை.

ஆனால் நீங்கள் அவசியம் மேசைக்குக் கொண்டுவர வேண்டிய பொருள் வாங்கு. (சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, கதிரையும் அலுமாரியும் யன்னலும் அப்படியே. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் வகுப்பறையே ஒரு நூதனசாலை ஆகிவிடும்.) யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை, நிலத்தில் இருந்தார்கள், அல்லது பாடசாலைக்குள்ளேயே எடுக்கப்படவில்லை. 1929–30 காலப்பகுதியில், அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது, அதை எதிர்த்து மனுக்கள் போனதும் சில பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டதும் நடந்தவை. 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காகக் குரல் கொடுத்தது. ஒரு பலகையும் நான்கு காலும் உள்ள சாமானுக்காகப் பள்ளிக்கூடம் எரிந்ததென்றால், அந்தப் பலகையை வெறும் தளபாடம் என்று எழுதிவிட முடியாது. நம் ஊரில் “அந்தக் காலத்துப் பிள்ளைகள்” என்று பொதுப்படச் சொல்பவர் எந்தப் பிள்ளைகளைச் சொல்கிறார் என்று கேட்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. சிலருக்கு இது உறுத்தும். அதிபருடன் முதலிலேயே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: தொல்லியல் மாணவன்

அதிபர் ஐயா கூறியதோடு உடன்படுகிறேன்; ஆனால் கொடுத்தவரின் நோக்கத்தோடு நின்றுவிட்டால் பிள்ளை மறுபடியும் காணாமற் போய்விடும் என்பதே என் தயக்கம். பிள்ளையைக் காண்பதற்குத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் பயிற்சியில் பின்பற்றும் முறையை வகுப்பறைக்கு ஏற்ப மாற்றலாம். அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் பிரவுன் 1982 இல் எழுதிய ஒரு கட்டுரையில், பொருளைப் படிப்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் கண்ணுக்கும் கைக்கும் தெரிவதை மட்டும் விவரிப்பது, அடுத்து, அதைப் பிடித்தால், தள்ளினால், தூக்கினால் உடல் என்ன உணரும் என்று உய்த்தறிவது, கடைசியாகத்தான் கருதுகோள். உங்கள் மாணவர்கள் இரண்டு வரியில் பாடத்தை முடித்ததற்குக் காரணம், பெயர் அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்ததுதான். பெயர் தெரிந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே முதற் பத்து நிமிடங்களுக்குப் பெயரையும் பயனையும் சொல்லத் தடை போடுங்கள். அடிமட்டத்தால் அளக்கட்டும், நிறுக்கட்டும், மணக்கட்டும், தேய்ந்த இடங்களை வரையட்டும்.

நடைவண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சில்லும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கின்றனவா? கைபிடி நடுவில் மழுங்கியிருக்கிறதா, ஓரத்திலா? கைபிடியின் உயரம் எத்தனை அங்குலம், அந்த உயரத்துக்கு நிற்கக்கூடிய பிள்ளைக்கு எத்தனை மாதம் இருக்கும்? ஒரே வண்டிலில் எத்தனை பிள்ளைகள் நடை பழகியிருப்பார்கள்? சிலேட்டை மறுபக்கம் திருப்பிப் பார்த்தீர்களா? என் பாட்டனாரின் சிலேட்டு ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதன் முன்பக்கம் மழமழவென்று துடைக்கப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தில் ஆணியால் ஆழமாகக் கீறிய நாயும் புலியும் விளையாட்டுக் கட்டம் இருக்கிறது. முன்பக்கம் வாத்தியாருடையது, பின்பக்கம் அவருடையது.

ஆனாலும் இரண்டு இடங்களில் மாணவர்கள் வழுக்கி விழுவார்கள். ஒன்று, சின்னதாக இருப்பதெல்லாம் பிள்ளையினுடையது என்று எண்ணுவது. அகழ்வுகளில் கிடைக்கும் சிறு கலயங்கள் விளையாட்டுப் பொருட்களா, சடங்குக்கானவையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் முரண்படுகிறார்கள். கீழடியில் கிடைத்த, பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளையும் பகடைக்காய்களையும் பார்த்தவுடன் நமக்குப் பிள்ளைகளின் நினைவுதான் வரும். பகடை உருட்டிய கை பெரியவருடையதாகவும் இருக்கலாம். மறுபுறமாக, உங்கள் மேசையில் உள்ள சின்ன மண்வெட்டி விளையாட்டுச் சாமானே அல்ல என்று நினைக்கிறேன். புகையிலைத் தோட்டத்தில் துலாவால் இறைக்கும்போது, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது பெரும்பாலும் சிறுவர் வேலை. அதற்கென்றே பிடி குறுக்கிய மண்வெட்டிகள் இருந்தன. அதைக் கொண்டுவந்த மாணவனின் பாட்டனார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விடியலில் தண்ணீர் மாறிவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளையின் நாளை, அந்தப் பிடியிலிருந்தே மீட்டெடுக்கலாம்.

மற்றையது, எஞ்சியிருப்பதே முழுமை என்று எண்ணுவது. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண் பொம்மை வண்டிகளும் பறவை வடிவ ஊதல்களும் ஏராளமாகக் கிடைத்திருப்பதற்குக் காரணம், சுட்ட மண் அழியாது என்பதுதான். மரமும் ஓலையும் அழிந்துவிட்டன. பட்டினப்பாலையில் “பொற்காற் புதல்வர்” குதிரை பூட்டாமல் உருட்டும் “முக்காற் சிறுதேர்” வருகிறது. உங்கள் நடைவண்டிலைப்போல அதற்கும் மூன்று சில்லு என்பது மாணவர்களுக்கு வியப்பூட்டும். ஆனால் உருட்டுபவன் காலில் பொன் அணிந்த பிள்ளை. நுங்குக் கோம்பையில் ஈர்க்கைச் செருகி வண்டில் உருட்டிய பிள்ளையின் பொருள் ஒரு கிழமையில் காய்ந்து சுருங்கி அடுப்புக்குள் போயிருக்கும். அந்தப் பிள்ளையை எந்தப் பேழைக்குள்ளும் காண முடியாது. அதனால் அந்தக் கோம்பை வண்டிலைப் புதிதாகச் செய்ய வைப்பதும் வரலாற்றுப் பாடமே. நுங்குக் காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வ மிகுதியால் மாணவர்கள் கந்தரோடைக்குப் போய் மணிகளையும் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கி வந்துவிடக் கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள்; எடுத்த இடம் தெரியாமற்போன பொருள் பாதி ஊமையாகிவிடும். வீட்டுப் பொருளுக்கும் இதே விதிதான். யார் வீட்டில், எந்த அறையில், யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதை அன்றன்றே ஒரு பதிவேட்டில் எழுதி இலக்கமிடுங்கள்.

பதில் 3: இரண்டு பிள்ளைகளின் தாய்

நான் ஆசிரியை அல்லள். ஆனால் அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மாணவர்களுக்கு அது கிலுகிலுப்பைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய பழம்பொருள். எனக்கு அது க.பொ.த. சாதாரண தரம். போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. எங்கள் வீட்டில் போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் திரியை எடுத்துவிடுவார் அப்பா. சுடர் ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். அதைச் சுற்றி மூன்று பேர் படித்தோம். காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சி கறுப்பாகும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிப்பான், டைனமோவில் வானொலி பாடும். அவன் களைத்தால் பாட்டும் இழுபடும். இவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு நடந்தோம் என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

தொல்லியல் மாணவர் சொல்வதுபோல மணந்து பாருங்கள், அளந்து பாருங்கள் என்று இந்த விளக்கைக் கொடுக்கலாம். ஆனால் “வீட்டில் போய் இதைப் பற்றி அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதி வாருங்கள்” என்று எல்லாருக்கும் கட்டாய வேலையாகக் கொடுத்துவிடாதீர்கள். சில வீடுகளில் பிள்ளையின் சட்டை, புத்தகப் பை, சைக்கிள் என்று ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இன்று இல்லை. அந்தப் பெட்டியை ஒரு செயற்றிட்டத்துக்காகத் திறக்கச் சொல்லக் கூடாது. கொண்டுவர விரும்புகிறவர் கொண்டுவரட்டும். விரும்பாதவருக்கு வேறொரு பொருளைத் தெரிவு செய்யும் உரிமை இருக்கட்டும். அதற்காகப் புள்ளி குறைக்கப்படாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 4: ஊர் திரும்பியவன்

லண்டனில் சில ஆண்டுகள் அருங்காட்சியகங்களில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். மேலே தாய் ஒருவர் எழுதியதைப் படித்தபோது நினைவுக்கு வந்ததைச் சொல்கிறேன்.

வளர்க்க இயலாத தாய்மார் ஒப்படைக்கும் குழந்தைகளுக்காக 1739 இல் தோமஸ் கோரம் என்ற மாலுமி அங்கே ஓர் இல்லத்தை நிறுவினார். குழந்தையை விட்டுச் செல்லும் தாய், பின்னொரு நாளில் திரும்பி வந்தால் தன் பிள்ளையை அடையாளம் காட்டுவதற்காக, ஒரு நாணயத்தையோ பொத்தானையோ துணித் துண்டையோ விட்டுச் செல்வாள். சில வேளைகளில் துணியை இரண்டாக வெட்டி, பாதியை அவள் வைத்துக்கொள்வாள். பதிவுத் தாள்களில் குண்டூசியால் குத்தப்பட்ட துணிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. 18 ஆம் நூற்றாண்டுச் சாதாரண மக்களின் உடைத்துணி பிரித்தானியாவில் இவ்வளவு பெருந்தொகையாக வேறெங்கும் எஞ்சவில்லை. அந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. தனக்கென்று ஒரு துண்டு சீத்தைத் துணி கோப்பில் இருப்பதே தெரியாமல் அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாவான். பிள்ளை ஒருநாளும் தொடாத பொருளும் பிள்ளையின் வரலாற்றுக்குச் சான்றாகலாம் என்பதை அங்கேதான் கற்றேன்.

அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டதும் குழந்தைக்குப் புதுப் பெயர் இடப்பட்டது. இதை வாசித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. கடலுக்கு அப்பால் இருந்த ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பிள்ளைகள் ஓடியாடினார்கள். தட்டில் வைக்க முடியாது என்றாலும், அந்தப் பெயரும் பெரியவர் கொடுத்த ஒரு பொருளே.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்காக ஓர் அருங்காட்சியகம் வேறு, பிள்ளைமையைப் பற்றிய அருங்காட்சியகம் வேறு. எடின்பரோவில் 1955 இல் திறக்கப்பட்ட குழந்தைப்பருவ அருங்காட்சியகத்தை நிறுவிய பற்றிக் மரே, இது பிள்ளைமையைப் பற்றியதே அன்றிப் பிள்ளைகளுக்கானது அன்று என்று வற்புறுத்துவாராம். லண்டன் பெத்னல் கிறீனில் 1974 முதல் குழந்தைப்பருவ அருங்காட்சியகமாக இருந்ததோ எதிர்த் திசையில் போய், 2023 இல் பெயரையும் மாற்றிக்கொண்டு, சிறுவர் வந்து செய்து பார்க்கும் இடமாகிவிட்டது. என் விருப்பம் மரேயின் பக்கம். விளையாட விட்டுவிட்டு அதையே வரலாறு என்று சொல்லிவிடும் ஆபத்து இரண்டாவதில் அதிகம்.

பிள்ளைமை எத்தனை வயதில் முடிகிறது என்ற கேள்வியையும் வகுப்பில் போடுங்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960 இல், மத்தியகால ஐரோப்பாவில் குழந்தைப்பருவம் என்ற தனிக் கருத்தே இருக்கவில்லை என்று எழுதி ஒரு பெரிய விவாதத்தைத் தொடக்கிவைத்தார். ஓவியங்களை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று பின்வந்தோர் மறுத்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவம் வகுக்கிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, கழங்கு, ஊசல் என்று பருவத்தோடு விளையாட்டும் பிரிகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில் மணல் வீடு கட்டுபவர்கள் சிறுமிகள். அதைக் காலால் அழிப்பவன் பாட்டுடைத் தலைவன். “அழியாதே” என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. தரம் 9 மாணவிகள் இதைப் பற்றிச் சும்மா இருக்கமாட்டார்கள். அதன் பக்கத்தில், 1991 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயம் பதினெட்டு வயது வரை பிள்ளை என்று சொல்வதையும், கட்டாயக் கல்வி வயது 2016 இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டதையும் வைத்துப் பாருங்கள்.

பஞ்சாயுதத்தை மறந்துவிட வேண்டாம். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஐந்தும் கோத்த ஐம்படைத்தாலியைப் புறநானூறும் பாடுகிறது. போர்க்களத்துக்கு வந்த இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் அந்தத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். பிள்ளையைக் காப்பதற்காகக் கட்டிய தாலியோடு பிள்ளை போருக்கு வந்து நிற்கிறது. உங்கள் மாணவனின் தொலைபேசியில் உள்ள படத்தைப் பெரிதாக்கி, தங்கை கடித்த பல் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு: வலிகாமத்து ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மூன்று கிழமைகள் கழித்து எழுதுகிறேன்.

பெயர் சொல்லத் தடை போட்ட பத்து நிமிடங்கள் முதலில் பெரும் சிரிப்பாகவும் பிறகு பெரும் அமைதியாகவும் போயின. நடைவண்டிலின் வலப்பக்கச் சில்லு மற்றையவற்றைவிடச் சுண்டுவிரல் அகலம் சிறிதாகத் தேய்ந்திருந்தது. வீட்டில் முற்றம் ஒரு பக்கம் சரிவு என்று ஒரு குழுவும், பிள்ளை எப்போதும் அடுப்படிப் பக்கமே திரும்பியிருக்கும் என்று இன்னொரு குழுவும் வாதாடின. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சின்ன மண்வெட்டி தண்ணீர் மாறுவதற்குத்தான். அந்த மாணவனின் பாட்டனார் வந்து, பிடி குறுக்கியது தன் தகப்பனார் என்றும், அப்போது தனக்கு ஒன்பது வயது என்றும் சொன்னார். “வேலை செய்யச் சொல்லி வற்புறுத்தினார்களா?” என்று ஒரு மாணவி கேட்டாள். “எனக்கெண்டு ஒரு மண்வெட்டி வந்த சந்தோசத்தில நித்திரையே வரேல்லை” என்றார். அதைச் சிறுவர் ஊழியம் என்று எழுதுவதா, பெருமை என்று எழுதுவதா என்று குழுவுக்குள் பெரிய தகராறு. கடைசியில் இரண்டையும் எழுதினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

தட்டுக் கணக்கெடுப்பில் இருபத்தாறு வீடுகள் பதில் தந்தன. அம்மம்மாமாரின் தட்டுகளைப் பற்றிக் கேட்டபோது, பலருக்குத் தட்டு வைத்ததே நினைவில் இல்லை; தமையனுக்கு வைத்தது மட்டும் நினைவில் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கை விருப்பப் பொருளாகவே வைத்தேன். நான்கு மாணவர்கள் எடுத்தார்கள். ஒரு மாணவன் எதையும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பதிவேட்டை எழுதும் பொறுப்பை ஏற்று, எல்லாருடைய கையெழுத்தையும்விட அழகாக எழுதி முடித்தான்.

வாங்கு விடயத்தில் எதிர்பார்த்தபடியே சிக்கல் வந்தது. நிலத்தில் இருந்த பிள்ளைக்கு உரிய பொருள் எது, மேசையில் எதை வைப்பது என்று கேட்டார்கள். ஒருவர் ஓலைத் தடுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அயலில் உள்ள ஒரு முதியவரை அதிபரின் அனுமதியோடு அழைத்திருந்தோம். அவர் தடுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது இருந்தவையும் இருந்திச்சினம், இல்லாதவையும் இருந்திச்சினம், எங்களுக்கு மண்தான்” என்று திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டில் பதினான்காவது பொருளாகத் தடுக்கை எழுதியிருந்த மாணவன், அதை வெட்டிவிட்டு “பாடசாலை முற்றத்து மண், ஒரு பிடி” என்று எழுதினான். ஒரு மாபிள்கிண்ணத்தில் அது இப்போது மேசையில் இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. இரவல் வாங்கிய பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு எந்த மாதிரி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நடைவண்டில் அவசரம். சொந்தக்கார அம்மம்மாவின் பூட்டப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வருகிறதாம், பதினொரு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் வண்டில் வீட்டில் நிற்க வேண்டும் என்று இரண்டு தடவை தொலைபேசி எடுத்துவிட்டார்.